உலக்கை தொடாத விரதம்

எங்கள் பக்கத்தில் கர்ப்பத்திலும் இரண்டு சாதி உண்டு. படுத்துக்கொண்டு சுமப்பது ஒன்று, நின்றுகொண்டு சுமப்பது மற்றொன்று. முதல் சாதிக்கு நாடி பார்க்க வைத்தியர் வீடு தேடி வருவார். மாடிப்படி ஏறாதே, குடம் தூக்காதே, உரக்கப் பேசாதே என்பார். இரண்டாம் சாதிக் கர்ப்பம் வயிற்றுக்காரிக்கு மட்டும்தான் தெரியும். மூன்று மாதம் முடியும் வரை வெளியே சொன்னால் கண்பட்டுவிடும் என்று ஊரே சத்தியம் செய்யும். மூன்று மாதம் முடிந்தபின் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். கலைகிற பிள்ளையெல்லாம் பெரும்பாலும் அந்த மூன்று மாதத்துக்குள்தான் கலையும் என்பது சத்தியம் செய்தவர்களுக்கும் தெரியும்.

ஆழ்வார்குறிச்சி இசக்கியம்மாள் சுமந்தது இரண்டாவது சாதி. நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் வருஷத்துக் கதை. அரிசி ஆலை எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். தில்லைநாயகம் பிள்ளையின் நெல் களத்தில், புடைக்க மட்டும் வரும் ஒன்றிரண்டு கிழவிகளைத் தவிர, எட்டுப் பெண்கள் வேலை செய்தார்கள். நெல்லை ஊறவைத்து, அவித்து, ஈரத்தோடு பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து களத்தில் காயப்போட்டு, உரலில் குத்தி, சுளகில் புடைத்து அரிசியாக்கிக் கொடுப்பது வேலை. நாலு உரல், எட்டு உலக்கை. ஓர் உரலுக்கு இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று மாற்றி மாற்றிக் குத்துவார்கள். ஒருத்தி கை தளர்ந்தால் எதிரே நிற்பவளுக்குத்தான் முதலில் தெரியும். இசக்கியம்மாளுக்கு எதிரே நின்றவள் பாலம்மாள். மூன்று பிள்ளை பெற்றவள், வாய் நீளம், கை அதைவிட நீளம்.

இசக்கியம்மாளுக்கு இரண்டு முறை தரித்து இரண்டு முறையும் போயிற்று. முதலாவது வீட்டிலேயே போனதால் யாருக்கும் தெரியாமல் அழுது முடித்தாள். இரண்டாவது, களத்தில், கையில் உலக்கையோடு நிற்கும்போதே போயிற்று. பாலம்மாள்தான் தோளில் தாங்கிக் குடிசைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். தில்லைநாயகம் பிள்ளை உடனே ஆளை விட்டுக் களம் முழுக்கச் சாணிப்பால் தெளிக்கச் சொன்னார். ஐயரை அழைத்துப் புண்ணியாகவாசனம் செய்தார். பிறகு ஒரு சட்டமும் போட்டார்: வயிற்றில் பிள்ளை உள்ளவள் எவளும் இனி களத்துக்குள் கால் வைக்கக் கூடாது, பெற்றுப் பிழைத்து எழுந்து வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். இதை அவர் கருணை என்றே நம்பினார். பத்து மாதம் அவள் என்னத்தைத் தின்பாள் என்ற கேள்வி அந்தக் கருணையின் எல்லைக்குள் வரவில்லை.

இப்போது ஆடி மாதம். மூன்றாவது முறையாகத் தள்ளிப்போயிருந்தது. மலையிலிருந்து சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. ஊறல் நெல்லின் புளித்த வாடை மூக்கில் ஏறினாலே குடலைப் புரட்டியது. மடியில் ஒரு துண்டு சுக்கு முடிந்து வைத்துக்கொண்டு, குமட்டும்போதெல்லாம் அதைக் கடித்துச் சமாளித்தாள். காலையில் எழுந்ததும் நாலு வாய் பழையது, உச்சியில் நாலு வாய், சாயங்காலம் நாலு வாய் என்று பிரித்துத் தின்றால் நின்றது. புருஷன் கொம்பையா அடுத்தவர் வண்டியை ஓட்டுகிறவன். சாரல் காலத்தில் வண்டியும் ஓடாது, கூலியும் வராது. அவள் களத்துக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது.

யாருக்கும் தெரியாமல் மருத்துவச்சி ஹமீது பீவியிடம் போனாள். பீவி வயிற்றைத் தொட்டுப் பார்த்து, கண் இமையை இழுத்துப் பார்த்து, கணக்காகச் சொன்னாள்.

"ஒன்றரை மாசம் இருக்கும் புள்ளே. இன்னும் ஒன்றரை மாசத்தைத் தாண்டிட்டா அல்லா லேசாக்குவான். சும்மா கெடக்கணும்னு சொல்லமாட்டேன், நீ என்ன சமீன்தாரிணியா? பைய நடக்கலாம். உக்காந்து புடைக்கலாம், சலிக்கலாம். ஈர நெல்லத் தலையில தூக்காத. உலக்கைய மட்டும் தொட்டுராத. தொட்டா, என்கிட்ட வராத."

உட்கார்ந்து செய்யும் வேலையும் களத்தில் இருந்தது. அது கிழவிகளுக்கு. எனக்கு அதைக் கொடுங்கள் என்று கேட்டால் ஏன் என்பார் பிள்ளை. காரணத்தைச் சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் வயிற்றுப் பிள்ளை போகும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இசக்கியம்மாள் அன்று மத்தளமாக நின்றாள்.

மறுநாள் காலை உரலண்டை போனாள். உலக்கை சுவரில் சாய்ந்திருந்தது. கை நீளவில்லை. பிள்ளை நெற்றி நிறையத் திருநீற்றோடு பின்கட்டுக் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி இசக்கி, என்ன மரம் மாதிரி நிக்கே? உலக்கைய எடு."

"தொடமாட்டேன் அய்யா."

"என்னது?"

அடுத்து வந்த சொல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே கடைசிவரை தெரியாது. "முருகனுக்கு நேந்திருக்கேன் அய்யா. ஒரு மண்டலம் உலக்கையத் தொடுகதில்லன்னு வெரதம்."

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள், அல்லது அடித்திருப்பார்கள். தில்லைநாயகம் பிள்ளை திகைத்துப் போனார். ஏனென்றால் அவருக்குத் தெரியாத விரதம் ஒன்று இருக்கவே முடியாது. சஷ்டி, கார்த்திகை, சோமவாரம், பிரதோஷம் எல்லாம் அவர் விரல் நுனியில். புராணம் வாசிக்கும் இடத்தில் முன்னால் உட்கார்ந்து, வாசிப்பவரையே திருத்துகிறவர். தெரியாது என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததை ஆழ்வார்குறிச்சியில் யாரும் கேட்டதில்லை. ஒரு நெல்லுக்குத்துகிறவளிடம் போய் அதைத் தொடங்குவாரா?

"ம்," என்றார் தாடையைத் தடவிக்கொண்டு. "உலக்கை தொடா வெரதம். உண்டு, உண்டு. வள்ளி தெனைப்புனத்தக் காத்தாளே ஒழிய, தெனை குத்தினாளா? குத்தல. அதான் தாத்பரியம். சரி, நீ போயி சுளகப் புடி."

நம்ப முடியாமல் போய்ச் சுளகைப் பிடித்தாள் இசக்கியம்மாள். வயிற்றில் கர்ப்பம் இருக்கிறது என்று சொன்னால் இரங்காத மனிதர், வள்ளி தினை குத்தவில்லை என்பதற்காக இரங்கினார். எனக்கு இதை எழுதும்போது சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது. எது முதலில் வருகிறது என்று சொல்லத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே பிள்ளை கோயிலில் அந்த விரதத்தைப் பற்றி நாலு பேருக்கு எடுத்துச் சொன்னார். மறுநாள் பத்துப் பேருக்கு. சொல்லச் சொல்ல விரதம் வளர்ந்தது. விரதம் இருப்பவள் உலக்கையை மிதிக்கக் கூடாது, தாண்டக் கூடாது, எண்ணெய் முழுக்குக் கூடாது என்று நாளொரு விதி சேர்ந்தது. அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த அவருடைய பெரியப்பா மகன் ஆவுடைநாயகம் பிள்ளை, "இதை நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்றபோது, "உமக்கு எங்கவே கேள்வி ஞானம்?" என்று ஒரே போடாகப் போட்டார். இசக்கியம்மாளின் பொய் ஒரு வரிதான். மிச்சத்தையெல்லாம் பிள்ளைதான் சொன்னார்.

இதில் அடிபட்டவள் பாலம்மாள். இரண்டு பேர் குத்தும் உரலில் அவள் ஒற்றை ஆள். நாலு நாள் இசக்கியம்மாளைத் திட்டிக்கொண்டே குத்தினாள். ஐந்தாம் நாள் சுளகண்டை வந்து இடுப்பில் கை வைத்தாள்.

"ஏளா, ஒனக்கு மட்டுந்தான் முருகன் சொந்தமோ? நானும் நேந்துக்கிட்டேன். எனக்கும் ஒரு மண்டலம்."

அவள் அப்படிச் சொன்னதுதான் தாமதம், களத்தில் பக்தி பெருக்கெடுத்தது. மூன்று வாரத்துக்குள் எட்டுப் பேரில் ஐந்து பேர் விரதக்காரிகள். உலக்கைகள் வரிசையாகச் சுவரில் சாய்ந்து கிடந்தன; புடைக்க ஐந்து சுளகு, குத்த மூன்று கை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்ததைப் பிள்ளை பார்த்தார். திருநெல்வேலிக்குப் போகவேண்டிய அரிசி நெல்லாகவே குவிந்திருந்தது. ஆனால் விரதம் பொய் என்று சொல்ல வாய் வருமா? வள்ளியை இழுத்துவிட்டவர் அவர்தானே.

இரண்டு நாள் யோசித்து, களத்தின் நடுவில் வந்து நின்று ஒரு புதிய விதியைச் சொன்னார்.

"வெரதம் இருக்கவ எல்லாரும் நல்லாக் கேட்டுக்கிடுங்க. இத நடந்துதான் முடிக்கணும். ஆவணித் திருநாளுக்கு இங்கன இருந்து திருச்செந்தூருக்குக் காலால நடந்து போயி, கடல்ல முழுகணும். இல்லன்னா தெய்வக் குத்தம். முடியாதவ இப்பமே உலக்கைய எடுத்துக்கிடலாம், முருகன் மன்னிச்சிருவான்."

ஆழ்வார்குறிச்சியிலிருந்து திருச்செந்தூர் நாலு நாள் நடை. முருகன் மன்னிப்பான் என்ற செய்தி காதில் விழுந்த நிமிஷமே நாலு பேர் எழுந்து உலக்கையை எடுத்தார்கள். பாலம்மாள்தான் முதலில் எடுத்தாள். எடுத்துவிட்டு, எதிர்ப்பக்கம் பார்த்தாள். இசக்கியம்மாள் சுளகை மடியில் வைத்தபடி உட்கார்ந்தே இருந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. மடியிலிருந்து எதையோ எடுத்துக் கடித்தாள். சுக்கு வாசம் வந்தது.

மூன்று பெற்றவளுக்கு அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாலம்மாள் கையில் உலக்கையோடு அப்படியே நின்றாள். நாலு நாள் தான் திட்டிய திட்டெல்லாம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு ஒன்றும் பேசாமல் குத்தத் தொடங்கினாள். இந்தக் கையால் ஒன்று, அந்தக் கையால் ஒன்று, தன் முறையும் இசக்கியம்மாள் முறையும் சேர்த்து. பாலம்மாள் பேசாமல் வேலை செய்ததைக் களம் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது.

பிள்ளைக்கோ பரவசம். ஐந்தில் ஒருத்தியாவது மெய்யான பக்தை! அந்தப் பரவசத்தில் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஏழு வருஷத்துக்கு முன் முழங்கால் வலிக்காக அவர் திருச்செந்தூருக்கு ஒரு காவடி நேர்ந்திருந்தார். முழங்கால் வலி இருந்ததால் எடுக்க முடியவில்லை. இந்தப் புண்ணியவதி எப்படியும் நடக்கத்தான் போகிறாள். அந்தக் காவடியையும் அவளே தோளில் கொண்டுபோனால் என்ன? அவர் திருநெல்வேலி வரை ரயிலில் போய், அங்கிருந்து வண்டி பிடித்து, சந்நிதியில் அவளைச் சந்திப்பதாக ஏற்பாடு. வழிக்கு அரிசியும் அவர் செலவு. ஊரெல்லாம் அவரைப் புகழ்ந்தது.

இசக்கியம்மாளுக்கு உறக்கம் போயிற்று. நடந்தால் என்ன ஆகும் என்று பீவியிடம் கேட்டாள். "பைய நடன்னு சொன்னேன். பைத்தியம் மாதிரி நடன்னா சொன்னேன்?" என்றாள் பீவி. நாட்களை விரல்விட்டு எண்ணினாள். மூன்று மாதம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கும்போதே நடை தொடங்குகிறது. இந்தப் பிள்ளை வேண்டும் என்று அவளுக்கு இருந்த ஆசையை எந்த விரதத்தில் வைத்து அளப்பது? இரண்டைப் பறிகொடுத்தவள் அவள். மூன்றாவதையும் கொடுத்துவிட்டு உயிரோடு இருப்போம் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை.

"சொல்லித் தொலையேன்ட்டி," என்றாள் பாலம்மாள், புறப்பாட்டுக்கு முந்தின நாள்.

"சொன்னா வேலை போயிரும். மூணும் முடியல, கண்ணும் பட்டுரும்."

"வேலை போனா எங் கஞ்சியில பாதி குடி. கண்ணு பட்டா நான் மொளகாயச் சுத்திப் போடுதேன். காவடியத் தூக்கிட்டுப் போனா எதச் சுத்திப் போட?"

புறப்பாட்டு நாள் காலை. களத்தில் மயிற்பீலி வைத்த காவடி நின்றது. கோயில்காரர்களும் தெருக்காரர்களும் கூடியிருந்தார்கள். வேடிக்கை பார்க்கவென்றே ஆவுடைநாயகம் பிள்ளை அம்பாசமுத்திரத்திலிருந்து முதல் ரயிலில் வந்திருந்தார். பின்கட்டுக் கதவில் தில்லைநாயகம் பிள்ளையின் மனைவி நீலாம்பாள் ஆச்சி நின்றாள். பிள்ளை குரலை உயர்த்தினார்.

"ஆழ்வார்திருநகரி தாண்டிட்டா அப்புறம் மணல்தான், பாத்து நட. அங்கன போனதும் மொதல்ல கடல்ல முழுகு. அப்புறம் நாழிக்கெணறு. அப்புறந்தான் காவடிய எறக்கணும். வெளங்குதா?"

பாலம்மாள் பின்னாலிருந்து அவள் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

"முழுக முடியாதய்யா," என்றாள் இசக்கியம்மாள்.

"ஏன் முடியாது?"

"நான் முழுகாம இருக்கேன்."

பிள்ளைக்கு அவர் சொன்ன விதிதான் காதில் நின்றது. "அதத்தானட்டி நானும் சொல்லுதேன்! வெரதத்துக்கு எண்ணெய் முழுக்கு ஆகாதுன்னு நாந்தான் சொன்னேன். இங்கன முழுகாம இருந்தது போதும், அங்கன போயி நல்லா முழுகு!"

களத்துப் பெண்கள் ஏழு பேரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். இசக்கியம்மாள் தலையைக் குனிந்தபடி மறுபடியும் சொன்னாள், "அய்யா, முழுகாம இருக்கேன்யா." பிள்ளை மறுபடியும் முழுகச் சொன்னார். கதவண்டை நின்ற ஆச்சிக்குப் பொறுக்கவில்லை.

"நாலு புள்ளைக்குத் தகப்பன், இதுகூடவா வெளங்கல? அவ மாசமா இருக்கா. அவளப் போட்டு முழுகு முழுகுங்கியளே!"

 பிள்ளை இசக்கியம்மாளைப் பார்த்தார், சுளகைப் பார்த்தார், சுவரில் சாய்ந்த உலக்கையைப் பார்த்தார். மெல்ல மெல்ல அவருக்கு விளங்கியது. முகம் கறுத்தது. இசக்கியம்மாள் அடிவயிற்றில் கை வைத்துக்கொண்டாள். களத்தை விட்டு வெளியே போ என்ற சொல்லுக்காகக் காத்து நின்றாள். அதற்குள் ஆவுடைநாயகம் பிள்ளை முந்திக்கொண்டார்.

"அப்பம் வெரதம், வள்ளி, தாத்பரியம்னு நீரு சொன்னதெல்லாம்…"

அந்த 'அப்பம்' தான் அவளைக் காப்பாற்றியது. தன்னை ஒரு கூலிக்காரி ஏமாற்றினாள் என்பதைத் தில்லைநாயகம் பிள்ளை பொறுத்திருக்கலாம், பொறுக்காமலும் இருந்திருக்கலாம். ஆவுடைநாயகம் சிரிப்பதை மட்டும் அவரால் பொறுக்க முடியாது.

"பலிச்சிட்டுவே!" என்று கத்தினார். "வெரதம் பலிச்சிட்டு! அன்னைக்கு இதே களத்துல தங்காத வயிறு. முருகன் குடுத்திட்டான் பாத்தீரா? மண்டலம் முடியுததுக்குள்ள குடுத்திட்டான்!"

கூட்டம் அரோகரா என்றது. ஒரு மண்டலம்கூட முடியாத விரதத்துக்கு கிட்டத்தட்ட மூன்று மாதக் கர்ப்பம் எப்படிப் பலனாக வந்தது என்ற கணக்கை எந்த ஆணும் போட்டுப் பார்க்கவில்லை. பெண்கள் எல்லாரும் போட்டார்கள், சொல்லவில்லை. முருகன் கொடுத்த பிள்ளையைச் சுமப்பவளைக் களத்தை விட்டு விரட்டவும் முடியாது. பிள்ளையின் பழைய சட்டம் அந்த நிமிஷமே காலாவதியாயிற்று.

"ரொம்ப சந்தோசம்," என்றார் ஆவுடைநாயகம் பிள்ளை, விடாமல். "காவடிய யாரு தூக்குகது?"

பூசை போட்ட காவடியைப் பிரிக்க முடியாது. எல்லாருடைய கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. தில்லைநாயகம் பிள்ளை சட்டையைக் கழற்றினார்.

நாலு நாள் நடையை அவர் ஆறு நாளில் நடந்தார். அவர் திருச்செந்தூரில் பாதத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு நாளில் இசக்கியம்மாளுக்கு மூன்று மாதம் முடிந்தது. "முடிஞ்சிட்டுக்கா," என்று பாலம்மாளிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, தவிட்டுச் சுளகின் மேலேயே குனிந்து அழுதாள். பாலம்மாள் குத்துவதை நிறுத்தாமல், "தவிட்ட நனைக்காதளா" என்றாள். 

பிள்ளை வண்டியில் திரும்பி வந்து ஒரு மாதம் காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். வைத்தியர் வந்தார், தைலம் வந்தது, யாரும் உரக்கப் பேசவில்லை. அவர் படுப்பதற்கு விரதம் எதுவும் தேவைப்படவில்லை.

விரதத்தின் புகழ் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வரை போயிற்று. பிள்ளையில்லாத பெரிய வீட்டு மருமகள்கள் பயபக்தியோடு ஒரு மண்டலம் உலக்கை தொடாமல் இருந்தார்கள். பிறந்ததிலிருந்தே அவர்கள் உலக்கை தொட்டதில்லை என்பதால் விரதம் ஒருத்திக்கும் தவறவில்லை. களத்தில் இருக்கிற ஒருத்திக்கு அடுத்த வருஷம் வாந்தி வந்து, அவளும் சுளகு கேட்டபோது மட்டும், இந்த விரதம் பிள்ளையில்லாதவளுக்குத்தான் என்று பிள்ளை சொல்லிவிட்டார். அவளுக்கு ஏற்கனவே இரண்டு இருந்தன.

மாசி மாதம் இசக்கியம்மாளுக்குப் பெண் பிறந்தது. ஹமீது பீவி பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். இசக்கியம்மாள் அதன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். முருகன் கொடுத்த பிள்ளைக்குச் சண்முகசுந்தரி என்று பெயர் வைக்கும்படி பிள்ளை வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள், கூடவே ஒரு மரக்கால் அரிசியும் வந்தது. கொம்பையா வாங்கி வைத்தான். அந்தப் பெயரை வைத்தும் கூப்பிட்டார்கள், பிள்ளை வீட்டார் காது கேட்கிற இடத்தில்.

பதினாறாம் நாள் தொட்டிலில் போட்டபோது தாய் பிள்ளையின் காதில் மூன்று தரம் சொன்னது வேறு பெயர். பக்கத்தில் நின்ற பாலம்மாளுக்கு அது கேட்டுவிட்டது.

"ஏட்டி, குத்துக்கல்லு மாதிரி நான் இங்கன நிக்கேன், எம் பேரயா வைக்கே? முருகன் கோவிச்சுக்கிடப் போறான்."

"முருகனா எனக்காவ உலக்க போட்டான்?" என்றாள் இசக்கியம்மாள்.

 பாலம்மாள் தொட்டிலுக்குள் கையை விட்டாள். நெல் குத்திக் காய்ப்பு ஏறிய அந்த உள்ளங்கையில் பிள்ளையின் தலை முழுவதும் அடங்கியது.